கூடம் நிஜமாகவே கோணல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முதல் சொல் பொய்யாகிவிடும் என்பதால் மீதியை மட்டும் எழுதுகிறேன்: நலமறிய ஆவல். அத்தானின் இருமல் நின்றிருந்தால் சந்தோஷம். நிற்கவில்லை என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்; நம் குடும்பத்துக்கு வந்த கஷ்டம் எதுதான் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறது.

போன தடவை நான் குளியலறையில் விழுந்தபோது நீ போனில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "இன்னொரு தடவை விழுந்தேன்னு என் காதுல விழட்டும், வீட்டப் பூட்டிக்கிட்டு இங்க வந்துடணும். பின்னறை சும்மாதான் கிடக்கு" என்றாய். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா, விழுந்தேன். எப்படி விழுந்தேன் என்பதை நிதானமாக உட்கார்ந்து படி. அத்தானுக்குப் படித்துக் காட்டாதே, சிரித்தால் இருமல் கூடும்.

என் வீட்டுக்காரி போனதிலிருந்து நான் வாசலைத் தாண்டுவதே அபூர்வம் என்று உனக்குத் தெரியும். எப்போது போன் செய்தாலும் வீட்டுலயேதான் கிடக்கியா என்று கேட்பாய், கிடக்கிறேன் என்பேன். தூக்கம் இல்லை, முட்டியில் தெம்பு இல்லை. கடைசியில் டாக்டரிடம் போனேன். அவர் வாயையும் மூக்கையும் முகமூடியால் மூடிக்கொண்டு, தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று அரற்ற, இந்த வயதுக்குப் பாலே நல்லது, எலும்புக்குப் பலம், தூக்கம் தானாக வரும் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். இதையெல்லாமா எழுதித் தருவார்கள் என்றார். வெளியே வந்தால் எதிரே டயர் கடை மாடியில் பலகை தொங்குகிறது: பாலே வகுப்பு, புதியவர்கள் வரலாம், வயது தடையில்லை, ஆரோக்கியமும் மகிழ்ச்சியும். கால்விரல் நுனியில் நின்று சுழல்கிறார்களே, அந்த நடனம்தான். காலமெல்லாம் அச்சகத்தில் குனிந்து பிழை திருத்தினவனுக்கு இது தேவையா என்று நீ கேட்பாய். நானும் அதையே கேட்டுக்கொண்டுதான் படியேறினேன்.

உடம்போடு ஒட்டின உடை போட்டு வரச் சொன்னார் டீச்சர். என்னிடம் அப்படி இருப்பது குளிருக்குப் போடும் கம்பளிக் கால்சட்டை ஒன்றுதான், அதையும் முட்டியில் பூச்சி அரித்திருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. நம் வீட்டுக் கண்ணாடியில் கழுத்துவரைதான் தெரியும். அதற்குக் கீழே நிலைமை இவ்வளவு மோசம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இன்னொன்றும் அதில்தான் பார்த்தேன். எல்லோரும் இடித்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் கல்யாணப் போட்டோவில் நின்ற மாதிரியே இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நிற்கிறேன். அவள் போனது எனக்குத் தெரியும், உடம்புக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது.

முதல் பாடம், சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகால்களைச் சேர்த்து, முட்டியை மடக்கி இறங்கி ஏறுவது. இறங்கினேன். ஏற வரவில்லை. அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தும் நான் அங்கேயே இருந்தேன். இது ஏதோ மேல்வகுப்புப் பயிற்சி என்று நினைத்து மற்றவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு டீச்சரும், வகுப்புக்கு வரும் தையற்கடை அம்மாவும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் அன்றைக்குத் தூங்கினேன் அக்கா, அடித்துப் போட்ட மாதிரி. அதுவும் ஒரு தண்டனைதான். விடிந்ததும் அவள் இல்லை என்பது புதுச் செய்தியாக இருந்தது. இருந்தாலும் அடுத்த வகுப்புக்கும் போனேன், அதற்கடுத்ததுக்கும் போனேன். ஏன் என்று கேட்காதே.

நேற்றுதான் அது நடந்தது. விரல் நுனியில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஒருவர் பின் ஒருவராகக் கூடத்தைக் கடக்க வேண்டும். எனக்கு முன்னால் வங்கிக் காசாளர் ஒருவர், நல்ல பருமன். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்று நீ சொல்வாய், ஆனால் இந்தக் கூடம் நிஜமாகவே கோணல். தரையில் எதையாவது கீழே போட்டால் ஜன்னல் பக்கம்தான் உருளும். நானும் உருண்டேன், போகிற போக்கில் காசாளரையும் கூட்டிக்கொண்டு போனேன். தையற்கடை அம்மா ஓடி வந்து, ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க என்று எனக்கு ஆறுதல் சொல்ல, கீழே கிடந்த காசாளர் தன்னைத்தான் ஆனை என்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு, அந்தம்மாவோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு இடுப்பில் கன்றிப்போன நீலத்தோடு சரி, எலும்புக்கு ஒன்றும் இல்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, நீங்க விழல. இறங்கத் தெரியாம இறங்கிட்டீங்க. வியாழக்கிழமை வாங்க, இறங்கச் சொல்லித் தரேன்" என்றார். நல்ல பெண். ஆனால் நான் பிழை திருத்தினவன், விழுந்ததை விழுந்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

எனவே வந்து என்னை அழைத்துப் போ. உன் பின்னறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் மோட்டார்தான் தெரியும், பரவாயில்லை, நான் திறக்கப் போவதில்லை. பெட்டி கட்டிவிட்டேன். அவள் மூக்குக்கண்ணாடி மட்டும் அவள் கழற்றி வைத்த இடத்திலேயே, ஜன்னலோரத்தில் இருந்தது. அதை எடுக்கக் கை வரவேயில்லை. இன்றைக்கு எடுத்துத் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். இந்த வீட்டை விட்டு வருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசி. அது பலித்ததாக இதுவரை செய்தியில்லை, இருந்தாலும் சொல்லிவிடு.

இப்படிக்கு,
வாக்கு மாறாத உன் தம்பி

பி.கு.: தபாலில் போடப் போகிற வழியில் டாக்டரிடம் சொல்லிக்கொள்ள ஏறினேன். உங்கள் பாலேயால் வந்த வினை என்றேன். அவர் முகமூடியைக் கழற்றினார். "ஐயா, நான் சொன்னது பாலு. ராத்திரி காபி வேணாம், பாலே நல்லதுன்னேன். குடிக்கிற பாலு" என்றார். ஊரார் பிழையெல்லாம் திருத்தினவன் ஓர் ஏகாரத்தில் சறுக்கியிருக்கிறேன்.

ஆகவே பிழைதிருத்தம். மேலே 'விழுந்தேன்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'இறங்கினேன்' என்று வாசிக்கவும். 'வந்து என்னை அழைத்துப் போ' என்பதை அடித்துவிடவும். மூக்குக்கண்ணாடி பழைய இடத்துக்கே போய்விட்டது. சின்ன வயதிலிருந்தே பால் டம்ளரைக் கண்டால் நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும். என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வா. வியாழக்கிழமை மட்டும் வராதே அக்கா, நான் வீட்டில் இருக்க மாட்டேன்.