பேனலுக்கு வைத்த பொட்டு

உலகத்துக்குச் சூரியன் ஒன்றுதான் என்றாலும், அதை முறைப்படி வேலைக்கு அமர்த்திய பெருமை பெரியநாயக்கன்பாளையம் கோவிந்தராஜுலு ஒருவரையே சேரும். நேற்று வரை பம்பு மோட்டார் செய்துகொண்டிருந்தவர், இன்றைக்குச் சோலார் முதலாளி. ‘திறன்மிக்க பன்முகப் பணியாளர் படை’ என்று கம்பெனி வாசலில் பெரிய பலகை வைத்தார். பலகை வைத்த அன்று உள்ளே படை கிடையாது. பெயின்ட் காய்ந்த பிறகுதான் ஆள் எடுத்தார். எதையும் வரிசைக்கிரமமாகச் செய்கிறவர், கண்ணுகளா.

அப்படி எடுத்த பல முகங்களில் ஒரு முகம் நஸ்ரியா. உக்கடத்துப் பெண். பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்தவள். மேலே ஏறிப் பேனல் மாட்ட வேண்டும் என்ற ஒரே ஆசையில் இந்த வேலைக்கு வந்தவள். ஆறு மாதம் பயிற்சி. அது முடிவதற்குள் ஒரு பேனலாவது தன் கையால் மாட்டியிருந்தால் ‘டெக்னீஷியன்’ பதவி. இல்லாவிட்டால் கும்பிடு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விதி எல்லாருக்கும் பொது. ஏணி மட்டும் ஆண்களுக்கு.

நிர்வாகத்தைக் குறை சொல்லிவிட முடியாது. பெண்களுக்கென்றே ‘மங்களப் பிரிவு’ ஒன்றைத் தொடங்கியிருந்தது. எந்த வீட்டில் வேலை என்றாலும் முதலில் பெண்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஏணியைப் பிடித்தபடி நிற்பார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் ஏணி தலைமை டெக்னீஷியன் தமிழ்ச்செல்வனிடம் போய்விடும். ஹெல்மெட்டும் போய்விடும். பெண்கள் நிழலில் உட்கார்ந்து, வெயிலின் நன்மைகளை வீட்டுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வார்கள்.

நஸ்ரியா முதலாளியிடம் கேட்டுப் பார்த்தாள். அவள் அளவுக்குப் பாதுகாப்பு பெல்ட் ஆர்டர் போட்டிருக்கிறது, வந்ததும் பார்க்கலாம் என்றார். மறுமாதமும் கேட்டாள். மனிதர் உருகிவிட்டார்.

“மேல இருந்து உளுந்துபோட்டீன்னா உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது கண்ணு?”

ஒரு பெண்ணின் உயிருக்காக இவ்வளவு கலங்குகிற முதலாளியை மேட்டுப்பாளையம் ரோட்டில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பயிற்சி முடிய ஒரு வாரம் இருந்தபோது தாராபுரத்தில் ஒரு வேலை வந்தது. கந்தப்பன் என்று ஒரு பக்திமான், தென்னந்தோப்புக்காரர். வீட்டு மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு இரும்புக் கால்கள் நட்டு, அதன்மேல் பேனல்கள். அந்தக் கரண்டில் தோட்டத்து மோட்டார் ஓட வேண்டும். எல்லாவற்றையும் மாட்டி ஒரே ஒரு பேனலை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். மோட்டார் ஓடித் தண்ணீர் வந்ததும் முதலாளி கைபட மாட்டுவதற்கு. கம்பெனி ஏதோ விருதுக்கு விண்ணப்பித்திருந்ததால் வீடியோக்காரர் ஒருவரும் வந்திருந்தார்.

நம் பக்கத்தில் புதுச் சாமான் வந்தால், பொட்டு வைக்காமல் ஸ்பேனரைக்கூடக் கையால் தொட மாட்டோம். கந்தப்பன் அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. முதல் நாளே மேலே ஏறி, ஒவ்வொரு பேனலுக்கும் குறுக்கே திருநீற்றுப் பட்டை அடித்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, செவந்தி மாலையும் சாத்தியிருந்தார். பேனல்களைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். வெயிலில் சந்தனம் காரை மாதிரி இறுகிவிட்டது.

நல்ல நேரத்தில் சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் ஒருமுறை முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. குழாயில் காற்று வந்தது.

காரணம் தெரியாமல் ஒருவரும் விழிக்கவில்லை. பேனலில் கொஞ்சம் மறைந்தாலே அந்த வரிசை முழுக்கச் சோர்ந்துவிடும் என்று தமிழ்ச்செல்வன் சொன்னான். முதலாளி தலையாட்டினார். அப்படியானால் துடைத்துவிட வேண்டியதுதான் என்று கந்தப்பனே ஒப்புக்கொண்டார். யார் துடைப்பது என்று வந்தபோதுதான் அது உயர்மட்டக் குழுக் கூட்டமாக மாறியது. மங்கள காரியத்தன்று வைத்த பொட்டை எந்தக் கை அழிக்கும்? கந்தப்பன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ச்செல்வனின் மனைவி மாசமாக இருந்தாள். முதலாளி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். வீடியோக்காரர், தான் வெளியூர் என்று சொல்லிவிட்டார்.

கோவிந்தராஜுலுவின் பார்வை எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றி, நிழலில் நின்றவளிடம் வந்து நின்றது.

“ஏன் அம்மணி, உங்களவங்களுக்கு இதுல தோசம் ஒண்ணுமில்லீல்ல?”

நஸ்ரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “மேல ஏறோணுமுங்களே?”

“ஏறு கண்ணு. நாம என்ன ஆம்பளை பொம்பளைன்னு பாக்கற கம்பெனியா?”

பெல்ட் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை முதலாளி அதற்குள் தயார் செய்துவிட்டார் போலிருக்கிறது. வாளியும் துணியும் வந்தன. ஏணியும் வந்தது. இந்த முறை யாரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தமிழ்ச்செல்வனின் ஸ்பேனர் ஒன்று வாளிக்குள் போனதையும் யாரும் பார்க்கவில்லை.

மாலைகளை மரியாதையாகக் கழற்றிக் கொடியில் போட்டாள். தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தோட்டத்தில் குழாய் பீறிட்டது. கூட்டம் அங்கே ஓடிப்போய்க் கைதட்டியது. வீடியோக்காரரும் தண்ணீரை எடுக்கப் போய்விட்டார். முதலாளி கைபட வேண்டிய பேனல், சுவரோரம் சாய்ந்தபடி கிடந்தது.

கந்தப்பனின் மனைவி குழந்தையம்மாள் அதே மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் தினமும் அங்கே ஏறுகிறவர். அவருடைய பாதுகாப்பைப் பற்றி இதுவரை எந்த நிர்வாகமும் கலங்கியதில்லை. இதையும் மேலே வைக்க வேண்டுமா என்று கேட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பேனலைத் தூக்கிக் கொடுத்தார். நஸ்ரியா அதைப் பொருத்தினாள். நட்டுகளை முறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

திங்கட்கிழமை முதலாளியின் அறைக்குப் போனாள். தாராபுரத்தில் ஒரு பேனலைத் தானே மாட்டியதாகவும், வீட்டுக்கார அம்மாவே அதற்குச் சாட்சி என்றும் சொன்னாள். கோவிந்தராஜுலு விருது விண்ணப்பத்தின் நகலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அந்தப் பேனல் முதலாளி கைபட மாட்டியது என்று ஏற்கெனவே எழுதி அனுப்பியாகிவிட்டது. ஒரே பேனலை இரண்டு பேர் மாட்டியிருக்கத் தொழில்நுட்ப ரீதியாக வாய்ப்பில்லை என்று அவர் விளக்கினார். ஆனாலும் திறமையைத் தெருவில் விடுகிற மனிதரா அவர்?

“டெக்னீஷியன் இல்லீன்னா என்ன கண்ணு, உனக்கு வேலை பர்மனென்ட். இனி எந்த ஊட்ல பேனலுக்குப் பூசை போட்டாலும் தொடைக்கறதுக்கு நீதான். ஈரோட்டுல இருந்து இப்பவே கேட்டுப்போட்டாங்க. உன்னைய மாதிரி ஆளு நம்ம கம்பெனிக்கு ரொம்ப முக்கியம்.”

நஸ்ரியா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“ஏனுங்க, வேலைக்கு ஆள் வேணும்னுதானுங்க பேப்பர்ல போட்டீங்க? உங்க பாவத்தைச் செய்யறதுக்கு ஆள் வேணும்னு போட்டிருந்தீங்கன்னா, நான் உக்கடத்துல பஸ்ஸே ஏறியிருக்க மாட்டனுங்க.”