நீலப் படத்தின் பொட்டு

ஆயுத பூஜையன்று காலை ரகு ஆபீசுக்குள் நுழைந்தபோது கம்ப்யூட்டர், பிரிண்டர், வாட்டர் ஃபில்டர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு மங்களகரமாக நின்றன. ரிசப்ஷனில் புதிதாக மாட்டியிருந்த ஓவியத்தின் நடுவிலும் ஒரு பொட்டு இருந்தது.

ரகு பையைக் கீழே போட்டுவிட்டு அதன் முன்னால் போய் நின்றான்.

நேற்று அவன் பூசணிக்காய் வாங்க மல்லேஸ்வரம் போயிருந்த நேரத்தில் வந்திறங்கிய படம் அது. எம்.டி. நாராயணசாமியின் அப்பா ஐம்பதுகளில் வாங்கியது. எம்.டி. அதை உயிராக வைத்திருந்தார்.

ஆளுயர நீலம். உருவம் என்று ஒன்றும் இல்லை. அள்ளி அப்பிய சாயம் வரப்பு வரப்பாக எழுந்து நின்றது. மழைக்கு முந்தைய அல்சூர் ஏரி அப்படியே சுவரேறி வந்துவிட்டது போலிருந்தது. பக்கத்தில் மூச்சு விட்டால் அலை புரண்டுவிடும் என்று பயந்து ரகு ஓரடி பின்னால் நகர்ந்தான். அந்த நீலத்தின் நடுவில்தான், மஞ்சள் தீற்றலுக்கு மேல் சிவப்பாக, அந்தப் பொட்டு.

வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். ரிசப்ஷனிஸ்ட் சௌம்யா கிண்ணமும் கையுமாக ஆபீஸைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போய்விட்டால் சேலத்துக்கே திரும்பிவிடுவாள். அவளிடம் சொல்வதற்கு ரகு ஒரு விஷயத்தைப் பல நாளாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சௌம்யா, மாடியில சர்வருக்குப் பொட்டு வெச்சாச்சா?"

"இல்லையே. ஒண்ணு போதுமா? ஜனவரில ரெண்டாயிரம் வருஷம் பொறந்தா, தேதி கொழம்பி அதுதான் மொதல்ல நின்னுடும்னு சொல்றாங்க."

"ரெண்டா வைங்க. நிதானமா வைங்க."

அவள் படியேறியதும் ஈரக் கைக்குட்டையால் ஒற்றினான். பொட்டு இன்னும் பளிச்சென்று ஆனது. விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தான். சுற்றியிருந்த நீலம் மினுமினுத்ததே தவிர பொட்டு அசையவில்லை. என்ன கம்பெனிக் குங்குமமோ என்று நொந்துகொண்டே, சுவருக்கு வர்ணமடித்த பெயின்டர் விட்டுப்போன தின்னரை எடுத்துவந்தான்.

இந்த முறை கரைந்தது. கரைந்து கோடாக வழிந்தது. வழிந்ததைத் துரத்தித் துரத்தித் துடைத்ததில், நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெறும் துணி தெரிந்தது.

வாசலில் கார் சத்தம். கைக்கு அகப்பட்ட செவ்வந்தி மாலையைப் படத்துக்கு மாட்டிவிட்டான்.

எம்.டி. உள்ளே வந்து நின்றார். "ஏன்ப்பா, யாரு செத்தது?"

"பூஜைக்கு... சார்."

"மொதல்ல எடு அத."

எடுத்தான். எம்.டி. பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து சௌம்யா கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். அவளைக் கண்டதும் ரகுவுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

"சார், படத்துல பொட்டு வெச்சது நான்தான். தொடைச்சதும் நான்தான். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்ல."

சௌம்யா அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க எப்ப வெச்சீங்க ரகு? நேத்து பெட்டியைப் பிரிக்கும்போதே படத்துல பொட்டு இருந்துச்சே. அதான் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, அதுக்கு மட்டும் நான் வைக்காம விட்டேன்."