வாயால் எடுத்த குரூப் ஃபோட்டோ

மேலே இருப்பவன் நம் எல்லோருக்கும் துணை.

மதிப்பும் பிரியமும் உள்ள பெரியண்ணன் அவர்களுக்கு, கடைசித் தங்கை வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் முதுகுவலிக்குக் காலையிலும் அண்ணியின் பல்வலிக்கு மாலையிலும் தனித்தனியாக வேண்டிக்கொள்கிறேன். ஃபோனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது கேட்கும், ஆகவே கடிதம்.

நீங்கள் தந்த பெரிய கேமராவை மூன்று லென்ஸ், ஃபிளாஷ், ஸ்டாண்டு சகிதம் போன மாதம் உங்களிடமே திருப்பி ஒப்படைத்தேன் அல்லவா, "தோள் இறங்கினாத்தான் அது கேமரா, மூணு மாசத்துல திருப்பிக் கேப்ப பாரு" என்றீர்கள். சமையலறைத் தராசில் பிரித்துப் பிரித்து நிறுத்ததில் அந்தப் பை எட்டரைக் கிலோ. நான் வாங்கிய சின்னக் கேமரா, லென்ஸைக் கழற்றி மாற்றும் வகைதான், இரண்டு லென்ஸோடும் சேர்த்து ஒன்றேகால். மீதி ஏழேகால் கிலோவை ஆண்டவன் இறக்கிவிட்டான் என்று நோட்டில் எழுதித் தேதியும் போட்டேன். முதல் வாரம் தெருவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தேன், இல்லாத பைக்கு உடம்பு வளைந்துகொடுத்த பழக்கம். பத்தடிக்கு ஒரு தடவை எதையோ விட்டுவிட்டோமே என்று திரும்பிப் பார்ப்பேன். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினேன் அண்ணா, இந்த வயதில்.

அந்தக் குஷியில்தான் பள்ளிக்கூடத்துக் குரூப் ஃபோட்டோவுக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து புத்தகம் பார்த்துத் தொழில் கற்றவளை நம்பி முதன்முதலில் கூப்பிட்ட இடம், பதினோரு வருஷமாக விடாமல் கூப்பிடும் இடம், அது போனால் என் தொழிலே போன மாதிரி. வாசலில் காவலாளி, பெற்றோர் நாலு மணிக்கு மேல்தான் வரலாம் என்று மறித்தார். ஃபோட்டோ எடுக்க வந்திருக்கிறேன் என்றால், ஃபோட்டோக்காரம்மாவை எனக்குத் தெரியாதா, அவங்க பெரிய பை வச்சிருப்பாங்க என்கிறார். தலைமையாசிரியை அம்மாவோ கேமரா பின்னால் வண்டியில் வருகிறதா என்று கேட்டார். இதுதான் என்று கைப்பைக்குள்ளிருந்து எடுத்ததும் அவர் முகம் போன போக்கைப் படம் எடுத்திருக்கலாம். "எடுங்க. சரியா வரலைன்னா அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

பழைய கேமராவில் அமுக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எகிறிக் கதவு சாத்தின மாதிரி சத்தம் போடும், உடனே எல்லோரும் மூச்சு விட்டுக் கலைவார்கள். இதில் கண்ணாடியே இல்லை, சத்தமும் இல்லை. அமுக்கினேன், ஒருவரும் அசையவில்லை. இன்னும் ஐந்து தடவை அமுக்கினேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் பல்லைக் காட்டியபடி நிற்கிறார்கள், விளையாட்டு வாத்தியார் உள்ளே இழுத்த தொப்பையோடு சிவந்துகொண்டே போகிறார்.

"இன்னும் எடுக்கலையாம்மா?" என்றார் எல்லா வகுப்போடும் நடு நாற்காலியில் உட்காரும் தலைமையாசிரியை அம்மா.

"ஆறு எடுத்துட்டேன் மேடம்."

"சத்தமே வரலியே. எடுத்தா சத்தம் வரணும்ல?"

ஒரு பிள்ளைகூட பெஞ்சை விட்டு இறங்கவில்லை. வேறு வழி தெரியாமல் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நாக்கால் ஒரு 'டக்' போட்டேன். எல்லோருக்கும் நிம்மதி, வாத்தியாரின் தொப்பையும் பழைய இடத்துக்கு வந்தது. மூன்றாவது வகுப்பில் முன்வரிசைக் குட்டி ஒன்று, "ஆன்ட்டி வாயால ஃபோட்டோ எடுக்கறாங்க டோய்" என்று போட்டுக் கொடுத்துவிட்டது, அப்புறம் நாற்பது வாயும் டக் டக் டக். ஒன்பது வகுப்புக்கு ஒன்பது டக், அத்தனையும் பொய். பொய்க்கு ஒரு மணி நேரம் வீதம் பேசாமல் இருப்பதாக வேண்டிக்கொண்டு ஒன்பது மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை, இன்னும் நாலு பொய் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்றார்.

ஆகவே அண்ணா, தோற்றேன். திங்கட்கிழமை ஆசிரியர்களுக்குத் தனிப் படம். பெரிய கேமராவைத் தயவுசெய்து பார்சலில் போட்டு அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி. நான் எடுத்த எல்லாப் படத்திலும் தூங்குவதாக நீங்கள் கேலி செய்யும் அண்ணிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தோள் நிமிர்ந்தும் தலை குனிந்த தங்கை

பின்குறிப்பு: கேமராவை அனுப்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன் தலைமையாசிரியை அம்மா கூப்பிட்டனுப்பினார். அவர் அறைச் சுவரில் பெரிய கேமராவில் எடுத்த பதினோரு வருஷத்துப் படமும் மாட்டியிருக்கிறது, பதினொன்றிலும் அவர் கண் மூடியிருக்கிறது. பிரார்த்தனை செய்கிறார் என்று நான் இத்தனை நாள் மரியாதையாக விட்டிருந்தேன். இந்த வருஷம் ஒன்பது படத்திலும் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கிறது. டக் போட்ட நேரத்தில் கைதவறி அமுக்கிய ஒன்றில் மட்டும் மூடியிருக்கிறது. சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் பயந்த சுபாவம், அவ்வளவுதான். "இனிமே நீங்கதாம்மா. ஆனா அந்த டக்கை விட்றாதீங்க, அது இல்லாம எடுத்த மாதிரியே இல்ல" என்றார். ஆகவே, அண்ணி தூங்கவில்லை அண்ணா, தூங்க வைத்தது உங்கள் கேமரா. முறையாக மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அண்ணிக்கும் இதையெல்லாம் எழுதித் தனியாகத் தபாலில் போட்டிருக்கிறேன், அது ஒருவேளை முந்தி வந்தாலும் வரும்.