ஓடுபாதையில் ஒரு வணக்கம்

பாசமுள்ள அக்கா கிளெமென்டாவுக்கு,

விளையாட்டு வீரர்கள் தங்கும் போட்டிக் கிராமத்திலிருந்து உன் தம்பி டெல்ரிட்ஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகள் ஜோவெலும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கே நீயும் உன் ஆடுகளும் நம் எரிமலையும் சாந்தமாக இருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறேன். இந்த மூன்றில் உன்னைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

நேற்றிலிருந்து போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்துவிட்டது. நீ எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு எலினோராவைக் கூப்பிட்டுக் கேட்டால், "எடுக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னாங்க" என்கிறாள். அதனால்தான் நாளைக்கே ஊர் திரும்பும் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். நம் வானொலியில் வின்ஸ்ஃபர்ட் ஜோவெலின் ஓட்டத்தை வர்ணித்துக்கொண்டே வந்து, "ஸ்டேடியமே சிரிக்குது" என்று சொன்ன இடத்தில் லைன் அறுந்துவிட்டது. படகுத்துறையில் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது: "கடைசியா வந்தாலும் பரவால்லடா. எம்பொண்ணப் பாத்து நாலு பேரு சிரிக்கக் கூடாது. சிரிச்சாங்க, நீ என் வாசப்படி ஏறாதே." அந்த வாசற்படி எனக்கு வேண்டும் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு அங்கேதான் கிடைக்கிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரித்தார்கள், உண்மைதான். ஆனால் சிரித்தது என்னைப் பார்த்து.

என்னைப் பார்த்துச் சிரிப்பது இங்கே புதிதும் இல்லை. தபால் நிலையத்தில் தபால்தலை ஒட்டியே தலை நரைத்தவனை விளையாட்டுக் குழுவுக்குத் தலைவனாகப் போட்டது என் திறமைக்காகவா? குழுவில் கேட்டபோது காலாவதியாகாத பாஸ்போர்ட் என்னிடம்தான் இருந்தது. நீ கட்டிக்கொடுத்த கொய்யா ஜெல்லி பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவைத் தாண்டும் முன்னாலேயே மூடி திறந்து, பெட்டியிலிருந்த நம் கொடியெல்லாம் வழிந்தது. குளியலறையில் நாட்டுக் கொடியை ஷாம்பு போட்டு அலசியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொடக்க விழாவில், கொடியிலிருக்கும் பெண்ணின் கையில் யாழைப் பார்த்த தொண்டர் ஒருவர் எங்களை ஏதோ இசைக்குழு என்று நினைத்து வாத்தியக்காரர்களோடு நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்றவர் ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டே, நான் எந்த வாத்தியம் என்று மரியாதையாக விசாரித்தார். விஷயம் புரிந்து எங்கள் இடத்துக்கு ஓடும்போதுதான் தெரிந்தது, ஃபென்டன் தைத்துக் கொடுத்த பச்சைக் கால்சட்டை என்னைவிடப் பெரிய மனுஷனுக்குத் தைத்தது என்று. ஒரு கையால் கொடிக்கு வணக்கம், மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தொலைக்காட்சியில் நம் நாட்டைக் காட்டிய அந்த இரண்டு நொடியும் நான் குனிந்திருந்தேனாம்.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். ஐயாயிரம் மீட்டர். நம் ஊரில் ஜோவெலை ஓடி முந்தியவர் யாருமில்லை என்பது உனக்கே தெரியும். லுக்அவுட் மலைச்சாலை ஏற்றத்தில் அவளைத் தாண்டிப் போவது மினி பஸ் ஒன்றுதான். அதற்கும் ஓரமாக ஒதுங்கி, கையைத் தூக்கி, உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லித்தான் அனுப்புவாள். பின்னால் ஆள் வந்தால் என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆள் யாரென்று கேட்காதே, அவன்தான் அன்றைக்கும் அதே கால்சட்டையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றானே. நாலாவது சுற்றில் கென்யாக்காரப் பெண் ஒரு முழுச் சுற்று முன்னால் வந்து இவள் பின்னால் நெருங்கினாள். உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? வெளிப்பக்கமாக ஒதுங்கினாள், கையைத் தூக்கினாள், சிரித்த முகமாக வணக்கம் சொன்னாள். அடுத்தவள் வந்தாள், அவளுக்கும் வணக்கம். அதற்கடுத்தவளுக்கும். மறுபடி ஒரு முறை சுற்றி வந்தவர்களிடம், கோயில் வாசலில் இரண்டாம் தடவை பார்த்தவர்களிடம் போல, தலையை மட்டும் அசைத்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. படியெல்லாம் தாவி இறங்கிக் கம்பியருகே போய், "ஏ புள்ள, ஒதுங்காத! நீ பாட்டுக்கு ஓடு!" என்று கத்தினேன். அவள் ஓடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வணக்கம் சொல்லாம எடுத்த உடனே கத்துறீங்களே மாமா," என்றாள். "அம்மா கேட்டா என்ன நெனப்பாங்க?"

பக்கத்திலிருந்த ஒலிவாங்கி அதை அப்படியே பிடித்துக்கொண்டது. பெரிய திரையில் நான். இடுப்பிலிருந்த கையை வாயருகே வைத்துக் கத்தியிருக்கிறேன், அதனால் கால்சட்டை இருந்த இடம் முழங்கால். அப்போதுதான் அக்கா, அரங்கம் சிரித்தது. அப்போதுதான் வின்ஸ்ஃபர்ட் அதைச் சொன்னான், பாவி லைனும் அறுந்தது.

அதற்கப்புறம் நடந்தது உன் காதுக்கு வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள். பாதையில் உன் மகள் ஒருத்திதான். அவள் எந்தப் பக்கம் வந்தாளோ அந்தப் பக்கத்து ஜனம் எழுந்து நின்று கையைத் தூக்கி அவளுக்கு வணக்கம் சொன்னது. ஆயிரக்கணக்கான பேர், நம் தீவின் மொத்த ஜனத்தையும் விடக் கூடுதல். ஜெயித்த கென்யாக்காரி போகாமல் கோட்டிலேயே காத்திருந்து, இவள் வந்ததும் இவள் சொன்ன வணக்கத்தைத் திருப்பிச் சொல்லிக் கட்டிக்கொண்டாள். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அவள் ஓடி முடித்த நேரமும் நம் நாட்டுச் சாதனையாம். நம் நாட்டில் அந்தத் தூரத்தை இதுவரை யாரும் கடிகாரம் வைத்து ஓடியதில்லை என்பதை நீ வெளியே சொல்ல வேண்டாம்.

இதெல்லாம் உன் வளர்ப்பு அக்கா. ஆலய வாசலில் நின்ற கிழவர் மீடுக்கு வணக்கம் சொல்லாமல் வந்தாளென்று, சின்னப் பிள்ளையாக இருந்த இவளைக் கொளுத்தும் வெயிலில் ஆலயத்துக்குத் திருப்பி அனுப்பினாயே, அன்றைக்கு உன்னை ராட்சசி என்றேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் போதகர் ஐயாவிடம் கொடு. ஞாயிறு ஆராதனையில் வாசித்து, மரியாதை என்றால் என்ன என்று இளசுகளுக்கு ஒரு பிரசங்கம் செய்யட்டும். அதற்குப் பிறகாவது வாசற்படி விஷயத்தில் நீ மனமிரங்க வேண்டும்.

சபையாருக்கும், எலினோராவுக்கும், உன் கிடாக்களுக்கும் என் அன்பைச் சொல். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் கோபத்தையும் ஆற்றுவாராக.

இப்படிக்கு,
உன் காலடியில் கிடக்கும் தம்பி,
டெல்ரிட்ஜ் வீக்ஸ்
(இடுப்பு வார் வாங்கிவிட்டேன்)

பி.கு.: அக்கா, உறையை ஒட்டுவதற்குள் ஜோவெல் இதை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுக் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "மரியாதையுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல மாமா. நாலாவது சுத்துலயே எனக்கு மூச்சு முட்டிருச்சு. சும்மா வேகத்தக் கொறச்சா, முடியலன்னு தெரிஞ்சு சிரிப்பாங்க. ஒதுங்கி ஒரு வணக்கம் போட்டா, நல்ல புள்ளைன்னுவாங்க. சிரிக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்கல்ல?" என்கிறாள். ஆகவே போதகர் ஐயாவிடம் எதையும் கொடுக்காதே, பிரசங்கமும் வேண்டாம். அடுத்த போட்டியில் ஓடுபாதையில் ஒருத்திக்கும் வணக்கம் சொல்ல மாட்டாளாம். அதற்கு இப்போதே பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள். ஊருக்கு வந்ததும் அவளைத் திட்டாதே அக்கா. அவள் யாருக்கும் ஒதுங்காமல் ஓடுவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.