கரிசலில் புதைத்த இரண்டு ஜட்டிகள்

இந்த வருடம் பான்யா கட்டாமல் ஓயமாட்டேன் என்று மே தின விடுமுறையன்று காலையில் சபதம் எடுத்தேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு, சத்தமாகவே எடுத்தேன். கேட்டது வாசலில் நின்ற பிர்ச் மரம் மட்டும். என் மனைவி கிளாவா அப்போது வீட்டுக்குள் இருந்தாள். வெளியே இருந்திருந்தால் அவ்வளவு சத்தம் வந்திருக்காது.

ஆசை ஒன்றும் பெரிதில்லை. வரோனெஷ் நகரத்துக்கு வெளியே எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டமும் சின்ன மரவீடும் உண்டு. அங்கே பான்யா என்கிற ஒரு குட்டிக் குளியல் கொட்டகை வேண்டும். கல்லைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் அரைவேக்காடாக வெந்து, பிர்ச் இலைக்கொத்தால் முதுகில் அடி வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஜில்லென்று, ரொட்டியை ஊறப்போட்டுப் புளிக்கவைத்த க்வாஸ் குடிக்க வேண்டும். ஓய்வு பெற்ற மனிதனுக்கு வேறென்ன சுகம் இருக்கிறது? இடமும் பார்த்துவிட்டேன். ஆற்றைப் பார்த்த மேட்டுப்பக்கம். காற்று வரும், கிணறும் கிட்டத்தில். இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். அது கிளாவாவின் உருளைக்கிழங்குப் பாத்தி.

பாத்தி என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். கிளாவா ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றபின் குளிர்காலமெல்லாம் நூலகத்திலிருந்து மண்ணைப் பற்றிய புத்தகங்களாகத் தூக்கி வந்து படித்தாள். அன்றிலிருந்து தோட்டம் ஆளுக்குப் பாதி; அவள் பாதியில் மண்வெட்டிக்குத் தடை. இலையுதிர் காலத்தில் கடுகு விதைக்கிறாள். அது வளர்ந்ததும் வெட்டி அங்கேயே போடுகிறாள். அதன்மேல் வைக்கோல், காய்ந்த புல், உருளைக்கிழங்குத் தோல். திருடன் புகுந்து கலைத்துப்போட்ட வீடு மாதிரி இருக்கும்.

என் பாதியைப் பாருங்கள். நான் ரோடு ரோலர் ஓட்டியவன். கொத்தி, கட்டி உடைத்து, ஒரு புல் விடாமல் பிடுங்கி, படியச் சீவிய தலை மாதிரி வைத்திருப்பேன். எங்கள் ஊர்க் கரிசல் கன்னங்கரேலென்று பளபளக்கும். ஆள் ஆழத்துக்குத் தோண்டினாலும் கறுப்புதான். இந்த மண்ணிலும் குறை சொல்ல ஒருத்தி இருப்பாள் என்று நான் நினைத்ததில்லை. இருந்தாள். அவளோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

“கிளாவா, மேட்டுப்பக்கம் பான்யா கட்டப்போறேன்.”

“அங்க வேணாம் ரோத்யா. மண்ணு இப்பத்தான் உயிர் பிடிச்சிருக்கு.”

“மண்ணுக்கு ஏது உயிரு?”

“ஒரு கைப்பிடி மண்ணுல இந்த ஊர் ஜனத்தைவிட அதிகமா உயிர் இருக்கு. நீதான் வருஷா வருஷம் கொத்திக் கொத்தி அதுங்க வீட்டை இடிக்கிற.”

“எதுங்க வீட்டை?”

“புழு, பூஞ்சை, கண்ணுக்கே தெரியாத பூச்சிங்க.”

“கண்ணுக்கே தெரியாததுக்கு வீடு எதுக்கு?”

கிளாவா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “இப்படிச் சொல்றேன். மாவு உப்பி வந்ததும் அது மேல உன் ரோலரை ஏத்தினா ரொட்டி வருமா?”

“வராது. ரோடு வரும்.”

“அதான் உன் பாதியில வந்திருக்கு.”

எனக்குத் தலை சுற்றியது. ரோடு வந்திருந்தால் நல்லதுதானே? இதை ஏன் ஒரு குற்றம் மாதிரி சொல்கிறாள்?

“அப்போ என் மண்ணு மோசம்ங்கிறியா?” என்றேன்.

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு வெள்ளைப் பருத்தி ஜட்டிகள். இரண்டும் என்னுடையவை. புத்தம் புதியவை. பிப்ரவரியில் ஆண்கள் தினம் வருகிறதல்லவா, அன்று எங்கள் நாட்டு ஆண்பிள்ளைகள் எல்லாரும் வீரர்கள். வீரர்களுக்குப் பரிசாகக் காலுறை வரும், இல்லையென்றால் ஜட்டி வரும். எனக்கு மச்சினி கொடுத்த ஜோடி இது.

“உன் பாதியில ஒண்ணு, என் பாதியில ஒண்ணு புதைப்போம். உருளைக்கிழங்கு எடுக்கிறப்போ தோண்டிப் பார்ப்போம். யாரு மண்ணு நல்ல மண்ணுன்னு அதுவே சொல்லிடும்.”

“ஜட்டியா சொல்லும்?”

“அதேதான். நீ ஜெயிச்சா மேட்டுல பான்யா. நான் ஜெயிச்சா பான்யா எந்த இடத்துலன்னு நான் சொல்வேன். மண்வெட்டியும் எங்கிட்ட வந்துரணும்.”

“அதுக்கு என் ஜட்டிதான் கிடைச்சுதா? உன்னோடதைப் புதைக்கிறது!”

“புதைக்கலாம். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்கு நீயே விளக்கம் சொல்லு.”

இடுப்புப் பட்டை மட்டும் வெளியே தெரியும்படி இரண்டையும் புதைத்தோம். கையைத் தட்டிக்கொண்டே கிளாவா கேட்டாள்: “ஏதாச்சும் சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுக்க.”

“எனக்கென்ன சந்தேகம்? எல்லாம் புரிஞ்சுது” என்றேன்.

புரிந்துதான் இருந்தது. எங்கள் ஊரில் நல்ல நிலவறைக்கு என்ன இலக்கணம்? இலையுதிர் காலத்தில் மணலில் கேரட்டைப் புதைத்தால் வசந்தத்தில் அதே கேரட் வரவேண்டும். வைத்ததை வைத்தபடி திருப்பித் தருவதுதான் யோக்கியமான மண். வைத்ததைத் தின்றுவிடுவது திருட்டு மண். எனவே யாருடைய ஜட்டி முழுசாக வருகிறதோ அவருக்கே வெற்றி. இதைக்கூட ஒருவன் பெண்டாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஆனால் சும்மா இருந்து ஜெயிக்கிற ஜாதகம் எனக்கு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யெகோரிச் இருந்தார். பழைய டிராலிபஸ் ஓட்டுநர். எந்த விஷயத்திலும் கருத்து வைத்திருப்பவர். என்னை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

“யெகோரிச், மண்ணுக்குள்ள கிடக்கிற துணியை எது திங்கும்?”

அவர் மீசையைத் தடவினார். எங்கள் வீட்டு ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். “புழுன்னு சொல்றாங்க ரோதியோன் மிகைலிச். ஈரம் இருக்கணும். வைக்கோல் மாதிரி மேல ஒரு மூடாக்கு இருக்கணும். மக்கின சாணி இருந்தா இன்னும் சுருக்கா முடிஞ்சிரும்.”

“இதெல்லாம் இல்லேன்னா?”

“அப்ப அந்தத் துணி உங்களுக்கு அப்புறமும் இருக்கும்.”

அவர் மீசைக்குள் சிரித்தார். நட்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் படையெடுப்பு ஆரம்பம். கிளாவா ரயிலேறி நகரத்துக்குப் போகும் நாளாகப் பார்த்து வேலையைத் தொடங்குவேன். என் பாதியைத் துழாவி, புழு புழுவாகப் பொறுக்கி, டப்பாவில் போட்டுக்கொண்டு போய் அவள் வைக்கோலுக்கடியில் விட்டேன். ‘போங்க, போய் நல்லாச் சாப்பிடுங்க’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன். என் தக்காளிக்கு வைத்திருந்த மக்கின குதிரைச் சாணத்தை வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போய் அவள் பாத்தியில் பரப்பினேன். அழுகின ஆப்பிள், முட்டைக்கோஸ் இலை, வெட்டின புல் எல்லாம் அவள் பக்கமே. வெயில் ஏறினால் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து அவள் வைக்கோலை நனைத்தேன். ஈரம் காய்ந்தால் அவள் ஜட்டி பிழைத்துக்கொள்ளுமே!

என் பாதிக்குத் தனி வைத்தியம். மேலே இருந்த துரும்பையெல்லாம் துடைத்தெடுத்தேன். பெரிய இரும்புப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, உருளைக்கிழங்கு வரிசைகளுக்கு நடுவில் விடாமல் முன்னும் பின்னும் உருட்டினேன். பழைய தொழில் கைக்கு வந்ததும் உடம்பே சிலிர்த்தது. ஒரு ஊசி நுழையாது. புழு எந்த வழியாக வரும்?

ஜூலையில் மழையில்லை. என் பாதி பாளம் பாளமாக வெடித்தது. கொஞ்சம் கவலையாக இருந்தது. தட்டிப் பார்த்தேன், டங்கென்றது. சரி, கெட்டியாக இருக்கிறது, ஜட்டி பத்திரம் என்று தேற்றிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் கொட்டோ கொட்டென்று மழை. என் பாதியில் விழுந்த தண்ணீரெல்லாம் உள்ளே இறங்காமல் அப்படியே வழிந்து, ஓரத்தில் இருந்த கழிப்பறைப் பக்கம் ஓடியது. அவள் பாதியில் விழுந்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. வைக்கோல் குடித்துவிட்டதா, மண் குடித்துவிட்டதா? என் கிழங்குச் செடிகள் மஞ்சளாகிச் சுருண்டன. அவளுடையவை காடாக நின்றன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெற்றி என் பக்கம், இலையெல்லாம் அவள் பக்கம்.

அதைவிடக் குழப்பம் கிளாவாவின் நடத்தை. திடீரென்று பாசம் பொங்கியது.

“முதுகு வலிக்குதா ரோத்யா?”

“இல்லையே. எதுக்கு வலிக்கணும்?”

“சும்மா கேட்டேன். திரும்பு, தைலம் தேய்ச்சு விடறேன்.”

காலையில் தயிரேட்டோடு பான்கேக். மத்தியானம் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்ட குளிர்ந்த க்வாஸ் சூப். சாயங்காலம் முட்டைக்கோஸ் வைத்த பன். “நல்லாச் சாப்பிடு. தெம்பு வேணும்ல?” என்பாள். எதற்குத் தெம்பு என்று சொல்லமாட்டாள். அப்புறம், “நாளைக்கும் நான் நகரத்துக்குப் போகணும்” என்பாள். வாரத்தில் பாதி நாள் அவளுக்கு நகரத்தில் என்ன வேலை? நானும் கேட்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

ஆகஸ்ட் வந்தது. கிழங்கு எடுக்கும் நாள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். கூப்பிட்டது நான்தான். வெற்றிக்குச் சாட்சி வேண்டாமா?

முதலில் என் பாதி. மண்வெட்டி இறங்கவில்லை. கடப்பாரை கொண்டுவந்தேன். இடித்து, நெம்பி, மூச்சு வாங்கி, கடைசியில் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். வந்தது! முழுசாக வந்தது! ஒரு நூல் பிரியவில்லை. உள்ளே தைத்திருந்த அளவுச் சீட்டைக்கூடப் படிக்க முடிந்தது. கூடவே கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்கும் வந்தன. அதை யார் பார்த்தார்கள்? ஜட்டியைக் கொடி மாதிரி ஆட்டினேன்.

“இப்ப உன்னோடதை எடு கிளாவா!”

அவள் வெறும் கையால் வைக்கோலை விலக்கினாள். மண் கேக் மாதிரிப் பொலபொலவென்று உதிர்ந்தது. கை மணிக்கட்டு வரை இறங்கியது. முஷ்டி முஷ்டியாகக் கிழங்கு வந்தது. ஜட்டி வரவில்லை. ரப்பர் பட்டை மட்டும் வந்தது. அதில் இரண்டு நூல் தொங்கியது. ஒரு கொழுத்த புழுவும் தொங்கியது. பார்த்த முகமாக இருந்தது.

“ஹூர்ரா! மேட்டுல பான்யா!” என்று குதித்தேன்.

யாரும் கை தட்டவில்லை. யெகோரிச் தொப்பியைக் கழற்றினார். துக்க வீட்டில் கழற்றுவதுபோல இருந்தது.

“ரோத்யா, நீ தோத்துட்ட” என்றாள் கிளாவா.

“கண்ணு தெரியலையா? என்னோடது அப்படியே இருக்கு!”

“அதான். உன் மண்ணுல அதைத் திங்க ஒரு ஜீவன் இல்லை. உயிருள்ள மண்ணு பருத்தியைத் தின்னு செரிச்சு செடிக்குக் கொடுக்கும். நீ காத்துப் போக வழியில்லாம உருட்டி, மூடாக்கை எடுத்து, புழுவை எல்லாம் நாடு கடத்திட்ட. என் மண்ணுக்குத் தீனி போட்டு, தண்ணி ஊத்தி, குடும்பம் குடும்பமாப் புழுவும் கொண்டாந்து விட்ட. ரெண்டு மூணு வருஷத்துல நான் செய்யறதை ஒரே கோடையில செஞ்சு கொடுத்திருக்க.”

“புழு விஷயம் உனக்கெப்படித் தெரியும்? நீதான் நகரத்துக்குப் போயிருந்தியே?”

“நகரத்துக்கு யார் போனா? யெகோரிச் வீட்டு வராந்தாவுல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன். அங்கேருந்து நம்ம தோட்டம் நல்லாத் தெரியுது.”

யெகோரிச் வானத்தைப் பார்த்தார். “உங்க வீட்டம்மா செய்யற செர்ரி ஜாம் பிரமாதம் ரோதியோன் மிகைலிச்” என்றார்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே!” என்று கத்தினேன்.

“சந்தேகம் இருந்தா கேளுன்னு சொன்னேனே. எல்லாம் புரிஞ்சுதுன்ன.”

சொன்னேன். நான்தான் சொன்னேன். மண்வெட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கோடையெல்லாம் சுமந்த சாணத்தின் கனம் அப்போதுதான் முதுகில் தெரிந்தது. ஆறும் மேடும் க்வாஸும் கண்முன் வந்து போயின. அழுகையே வந்துவிட்டது.

கிளாவாவுக்கு மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. “மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. பான்யா வேணாம்னு நான் சொல்லவே இல்லையே. நீயே உருட்டி உருட்டி என்ன அருமையான அஸ்திவாரம் போட்டு வெச்சிருக்க! இங்கேயே கட்டிக்க.”

“இங்கேயா? கழிப்பறைப் பக்கத்துலயா?”

“ஆமா. இனி இதுல எதுவும் லேசுல முளைக்காது” என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த வெற்றிக்கொடியைப் பிடுங்கி உதறி, என் தோளிலேயே போட்டாள். “குளிச்சிட்டு மாத்திக்க ஜட்டியும் பத்திரமா இருக்கு. துவைச்சுப் போட்டுக்க.”