பூட்டிய வாயிலுக்கு ஒரு பொன்னாடை

குறை சொல்வது ஒரு கலை. அது எனக்கு வாய்க்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன், வரவேற்புரையும் வாழ்த்துரையும் நன்றியுரையுமாக எண்ணற்ற மேடைகளைக் கண்டவன். ஆயினும், ஒருவர் முகத்தை நேரே நோக்கி "இது சரியில்லை, மாற்றுங்கள்" என்று சொல்ல நேர்ந்தால் என் நா மடங்கிவிடும். ஒருமுறை உணவகத்தில் உப்பில்லாத சாம்பாரைப் பற்றி முறையிடத் தொடங்கி, இட்டிலியின் மென்மையைப் பாராட்டி, பரிமாறியவரின் குடும்ப நலம் வினவி, உப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வந்தேன். (உடன் வந்த என் மனைவி மங்கை, தனக்கு வேண்டிய உப்பைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.)

இத்தகைய ஒருவனைத்தான் எங்கள் வட்டாரக் கால்பந்துக் கழகத்தின் ரசிகர் மன்றம், தன் குறைகளைக் கழகத்திடம் எடுத்துரைக்கும் தூதனாகத் தேர்ந்தெடுத்தது. ('ஆர்வலர் அவை' என்று பெயரை மாற்றும்படி நான் முன்மொழிந்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.) இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அப்போது எனக்கு அறுபத்தேழு வயது. இன்றுள்ள முதிர்ச்சி அன்று இல்லை.

கால்பந்தாட்டத்தில் எனக்கு ஈடுபாடு உண்டா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. எனக்கு ஈடுபாடு சவரிமுத்துவிடம். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்றவர். ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். சர்க்கரை நோய் அவருடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்ட பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஆட்டம் பார்க்க வருவார். தள்ளிச் செல்பவன் நான். இருபத்திரண்டு பேர் எதற்காக ஓடுகிறார்கள் என்று நானும், இதுகூடத் தெரியாத ஒருவன் எப்படிப் பேராசிரியன் ஆனான் என்று அவரும் வியந்தபடியே பல பருவங்கள் இனிது கழிந்தன.

பிறகுதான் திருவொற்றியூர்ப் பக்கம் உள்ள கழகத்தின் மைதானத்தைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்தார்கள் என்றால், சாய்தளம் இருந்த தெற்கு வாயிலைப் பூட்டினார்கள். முதன்மை வாயிலில் பதினான்கு படிகள். சீட்டு விற்கும் சாளரத்தையும் மூடிவிட்டு, இனி எல்லாம் செயலி வழியே என்று அறிவித்தார்கள். அந்தச் செயலியோ சக்கர நாற்காலிக்கு மேற்கிலும், அதைத் தள்ளுபவனுக்குக் கிழக்கிலும் இடம் ஒதுக்கியது. நாங்கள் இருவரும் மைதானத்தின் இரு கரைகளிலிருந்து கையசைத்துக்கொள்ளலாம். நாற்காலியைத் தள்ள இயலாது.

முதல் ஆட்டத்தன்று இளைஞர் நால்வர் சவரிமுத்துவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினர். இரண்டாம் ஆட்டத்தில் ஒருவருடைய செருப்பு வழுக்க, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. பதினொன்றாம் படியில், சாய்ந்த நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி அவர் இருந்த அக்கணத்தைப் பத்துப் பன்னிரண்டு பேர் திறன்பேசியில் படம்பிடித்தார்கள். அன்று அவர் ஆட்டம் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் என்னைக் கேட்டார்:

"இன்னா வாத்யாரே, நான் மனுசனா, சரக்கு மூட்டையா? ஆயுசு பூரா எத்தினி கண்டெய்னர எறக்கிகீறேன். அதுக்குக் கூட ஒரு மரியாத இருந்துச்சிபா. கேட்ட தொறக்கட்டும், வரேன். இல்லாங்காட்டி வூட்லயே குந்திக்கிறேன்."

சொன்னதைச் செய்யக்கூடியவர். அடுத்த ஆட்டத்துக்கு வரவில்லை. எதிர்வீட்டில் வானொலிகூட ஒலிக்காத அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையை என்னால் தாங்க முடியவில்லை.

மன்றத் தலைவி ரேவதி, காசிமேட்டில் மீன் விற்பவர். படகு எஞ்சின்களையும் மீறிக் கேட்கும் குரல். அவர்தான் அலைந்து திரிந்து, கழகத்தின் பொது மேலாளரைப் புதன்கிழமை காலை இருபது நிமிடம் சந்திக்க இசைவு பெற்றார். பின்னர் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"சார், நான் பேசுனா சண்டக்கி வந்துகீறான்னுவாங்க. நீங்க நல்ல தமிழ்ல நறுக்குன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. கேட்ட தொற. கவுண்ட்டர்ல டிக்கெட்டு குடு. சவரி அண்ணனுக்கும் தள்றவருக்கும் பக்கத்துப் பக்கத்துல சீட்டு குடு. அவ்ளோதான் மேட்டரு."

நான் ஒன்பது பக்கம் எழுதினேன்.

கேட்போர் நெஞ்சைக் குளிர்வித்த பிறகே குறையை உரைக்க வேண்டும் என்பது என் கொள்கை. எனவே முதல் ஆறு பக்கங்கள் கழகத்தின் பெருமை; ஏழாம் பக்கம் விளையாட்டின் மாண்பு; எட்டாம் பக்கத்தின் அடியில்தான் வாயில் தலைகாட்டியது. முதல் பக்கத்தின் முதல் வரியே, "அனைவரையும் அரவணைக்கும் அகன்ற வாயில்களை உடைய கழகமே!" என்பது. பூட்டிய வாயிலை அகன்றது என்று புகழ்ந்தால், படிப்பவர் தாமே வெட்கி, தாமே சாவியைத் தேடுவார் என்பது என் கணக்கு. (நுட்பம் என்றால் அப்படியொரு நுட்பம். இன்றுவரை என்னைத் தவிர எவருக்கும் புரியவில்லை.)

அத்தோடு விட்டேனா? வெறுங்கையோடு செல்வது பண்பன்று என்று பொன்னாடை ஒன்றையும் எடுத்து வைத்தேன். மேடையேறியவர் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. எங்கள் அலமாரியின் இரண்டு தட்டுகள் நிறைய, நான் பெற்றவையும் இனி யாருக்கோ போய்ச் சேர வேண்டியவையுமாக அடுக்கியிருந்தன. அரக்கு நிறத்தில் சரிகைக் கரை போட்டதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

"சண்டை போடப் போறவங்க யாராவது சால்வை கொண்டுபோவாங்களா?" என்றாள் மங்கை.

"இது சண்டையன்று, முறையீடு."

"சவரி அண்ணன் கேட்டது கேட்டுங்க. சால்வை இல்ல."

அந்த எச்சரிக்கையை நான் மதித்திருக்கலாம். அறுபத்தேழு வயதில் யார் மனைவி சொல்வதைக் கேட்கிறார்கள்?

புதன்கிழமை ரேவதி, சவரிமுத்து, நான் மூவரும் சென்றோம். கழக அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லை. சக்கர நாற்காலிக்கு வழி கேட்டு வந்தவர், வழி இல்லாமல் கீழேயே நின்றுவிட்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கொள்கலன் லாரிகள் வரிசையில் நின்று புகை கக்க, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சொன்னார்:

"மேல போய் ஒரே வார்த்த சொல்லு வாத்யாரே. கேட்ட தொறன்னு சொல்லு. போதும்."

பொது மேலாளர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். வசைகளை எதிர்பார்த்து இறுகிய முகத்தோடு இருந்தார். பக்கத்தில், கழகத்தின் இணையப் பக்கத்தைக் கவனிக்கும் பெண் ஒருவர் நிழற்படக் கருவியுடன் நின்றார். நான் எழுந்து, தொண்டையைச் செருமி, பொது மேலாளரை அவருடைய அறைக்கே வருக வருக என்று வரவேற்றேன். பின் விண்ணப்பத்தைப் படிக்கலானேன். மூன்றாம் பக்கத்தில் அவர் முகம் தளர்ந்தது. ஐந்தாம் பக்கத்தில் மலர்ந்தது. மேசைக்கு அடியில் ரேவதி என் காலை மிதித்தார். அதை நான் ஊக்கமாக எடுத்துக்கொண்டேன். ஆறாம் பக்கம் முடிந்ததும் பொன்னாடையைப் போர்த்தினேன்.

"சார், அப்படியே இந்தப் பக்கம் பாருங்க! கொஞ்சம் சிரிங்க!" என்றார் படம் எடுத்தவர்.

சிரித்தேன்.

கதவு தட்டப்பட்டது. விளம்பரதாரர்கள் வந்துவிட்டார்கள், இருபது நிமிடம் முடிந்தது.

ரேவதி பதறி எழுந்தார். "சார், அந்த தெக்கால கேட்டு..."

"எல்லாம் லெட்டர்ல இருக்குல்ல மேடம்? படிச்சிட்டுக் கண்டிப்பா பண்றோம். இவ்வளவு மரியாதையான ஃபேன்ஸ நான் பார்த்ததே இல்ல!" என்று விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு என் கையைக் குலுக்கினார் மேலாளர்.

கீழே சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். "சொன்னியா?"

"ஏறத்தாழ," என்றேன்.

"இன்னாத்த சொன்னாரு? போத்திட்டு வந்துகீறாரு!" என்றார் ரேவதி.

இருந்தாலும் என் எழுத்தின் ஆற்றலில் எனக்கு ஐயம் இல்லை. சவரிமுத்துவின் கையைப் பற்றி, ஞாயிறன்று வாயில் திறந்திருக்கும் என்று உறுதி கூறினேன். அவர் நம்பினார். ரேவதி தம் செயலியில் சீட்டு எடுத்துக் கொடுத்தார். ஞாயிறு பிற்பகல், சவரிமுத்து முகம் மழித்து, கழகத்தின் சட்டையை அணிந்து, வாசலில் எனக்கு முன்பே காத்திருந்தார்.

லாரிகளுக்கு இடையே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெற்கு வாயிலை அடைந்தோம். வாயிலைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், இரு தூண்களையும் இணைத்து இழுத்துக் கட்டிய பெரும் பதாகை ஒன்று நின்றது. அதில், மூன்று ஆள் உயரத்தில் நான். பொது மேலாளருக்குப் பொன்னாடை போர்த்தியபடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். மேலே, 'ரசிகர்களின் நன்றி!' என்று இருந்தது. கீழே என் வரி, ஒற்றுப்பிழை இல்லாமல்: 'அனைவரையும் அரவணைக்கும் அகன்ற வாயில்களை உடைய கழகமே!'

பதாகைக்குப் பின்னால் பூட்டு தொங்கியது.

சவரிமுத்து அண்ணாந்து அதைப் பார்த்தார். பிறகு, "போட்டோல நல்லாத்தான் கீற," என்றார்.

காவலாளி என்னை அடையாளம் கண்டு சல்யூட் அடித்தார். "சார், நீங்கதான அது? உங்கள வுடச் சொல்லிகீறாங்க. விஐபி சீட்டு. மெயின் கேட்டாண்ட வாங்க."

"இவர்?"

"அவரு படியேறி வரட்டும் சார்."

"ஏர்ற கால வூட்ல வச்சிட்டு வந்துட்டேன் நைனா. போய் எடுத்தாந்துரட்டா?" என்றார் சவரிமுத்து.

பூட்டைத் திறக்கும்படி வேண்டினேன். பதாகை கிழிந்தால் தம் வேலை போய்விடும் என்றார் காவலாளி. என் முகம் கிழியாமல் இருக்க, என் நண்பர் தெருவில் நிற்க வேண்டுமாம்!

 சவரிமுத்து நாற்காலியை உருட்டிச் சென்று, அதிகாரிகளின் வண்டிகள் நுழையும் பாதையின் நடுவே நிறுத்தி, சக்கரத் தடையைப் போட்டார். ரேவதி அவர் அருகே இடுப்பில் கைவைத்து நின்றார். சற்று நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"மாமு, போஸ்டர்ல கீறவரு இவருதான்டா!"

"வாத்யாரே, எனக்கும் ஒண்ணு போத்து, குளுருது!"

சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பொது மேலாளரின் மகிழுந்து வந்து, ஒலி எழுப்பி, வழி கிடைக்காமல் நின்றது. இறங்கியவர் என்னைக் கண்டதும் முகமலர்ந்தார். "ஐயா! பேனர் பார்த்தீங்களா?"

ரேவதிக்குப் பொறுக்கவில்லை. "பாத்தோம், பாத்தோம். கேட்டுதான் தெர்ல. எங்க ஒளிச்சி வச்சிகீற கேட்ட? இத்தினி நாளா இந்த மனுசன் வெளிய நிக்கிறாரு, நீ பூட்டு மேல படம் மாட்டுற!"

மேலாளர் உண்மையாகவே திகைத்தார். "இந்த கேட்டா? மேடம், சார் மொத வரியிலேயே வாயிலெல்லாம் அகலமா இருக்குன்னு எழுதியிருந்தாரே. அந்தப் பிரச்சினை முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்." என் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க எழுதினது என்ன சார்?"

 எனக்குள் ஒரு முழு உரை திரண்டு எழுந்தது: புகழ்ச்சியின் வழியே குறையை உணர்த்தும் முறை, அதன் மரபு, அதன் பயன். அப்போது மதிலுக்கு அப்பால் விசில் ஒலித்தது, ஆட்டம் தொடங்கிவிட்டது. சவரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. ஒலி வந்த திசையில் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொய்," என்றேன். "நான் எழுதியது பொய். வாயில் பூட்டியிருக்கிறது. திறவுங்கள்."

என் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். பயன் விளைந்த ஒரே உரையும் அதுதான்.

மேலாளர் சிவந்த முகத்தோடு காவலாளியைப் பார்த்தார். சாவி யாரிடம் என்பது எவருக்கும் தெரியவில்லை. புல் வெட்டும் கருவிகள் வைக்கும் அறையில், ஒரு பழைய தகர டப்பாவுக்குள் அது கிடைப்பதற்குள் கால் மணி நேரம் போயிற்று. இதற்கிடையே ரேவதி பதாகையின் கயிறுகளை அறுத்துத் தள்ளினார். முதலில் விழுந்தது என் தலை. கயிறு அறுபட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே பேரிரைச்சல் எழுந்தது. எங்கள் கழகம் கோல் போட்டுவிட்டது. பிறகு சாய்தளத்தில் சவரிமுத்துவை நான் தள்ளிச் சென்றேன். எவருடைய தோளும் இன்றி, எவரும் தூக்காமல், தம் பழைய இடத்தைப் போய்ச் சேர்ந்தார். ஆட்டம் முடியும்வரை வேறு கோல் விழவில்லை.

"பருவம் பூரா நம்மாளு உருப்படியா போட்டது இது ஒண்ணுதான்," என்றார் திரும்பும் வழியில். "அதையும் ரோட்ல நின்னு காதால கேட்டேன். உன் ஒம்பது பக்கம் தின்னுட்ச்சி வாத்யாரே."

இப்போது ஆட்ட நாள்களில் தெற்கு வாயில் திறக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் சாளரத்தில் சீட்டு தருகிறார்கள். இருவருக்கும் அடுத்தடுத்த இடம் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை. செயலி என்னைக் கிழக்கே துரத்திக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கான விண்ணப்பங்களை ரேவதி நான்கு வரியில் தாமே எழுதிவிடுகிறார். ஒற்றுப்பிழை பார்த்துத் தருவதாகச் சொன்னேன். "வேணா சார், நீங்க ஒத்து வச்சா ரெண்டு பக்கம் ஆயிரும்," என்றுவிட்டார்.

அந்தப் பதாகையையும் ரேவதி விட்டுவைக்கவில்லை. தரமான துணி, தண்ணீர் இறங்காது என்று சுருட்டி எடுத்துப்போய், காசிமேட்டில் தம் மீன் பெட்டிகளின்மேல் போர்த்திவிட்டார். வெயிலும் மழையும் பார்த்தும் சாயம் போகவில்லை. மங்கை வாரந்தோறும் அங்கேதான் மீன் வாங்குகிறாள். வீடு திரும்பியதும், பிள்ளைகள், மருமக்கள், விருந்தினர் எவர் இருந்தாலும், பையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் அறிவிப்பாள்:

"இன்னிக்கு உங்க பல்லுக்குக் கீழ வஞ்சிரம் நல்லா இருந்துச்சுங்க."