சீட்டைப் பின்னால் தள்ளியவன்

அன்பு வக்கீல் மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் ஆசிகள். நீங்களும் என் பெண்ணும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் சௌக்கியம்தான், கார்தான் இல்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நம் பழைய காருக்குள் யாரோ ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். சாவி வழக்கம்போல அதிலேயேதான். எடுத்துப் போனால் போகட்டும் என்றுகூட விட்டிருப்பேன், ஆனால் அந்தப் பாவி முதல் வேலையாக டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளினான். அது உங்கள் அத்தை தன் உயரத்துக்கு வைத்துக்கொண்டது. அவள் போன பிறகும் நான் அதைத் தொடவில்லை, முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்க இடிக்கத்தான் ஓட்டுகிறேன். கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி உட்கார்ந்து, எதிரே வரும் லாரிகளையெல்லாம் திட்டிக்கொண்டே அவள் என்னைக் கடைக்கு அழைத்துப்போவாள். அந்த நாட்களில் மிச்சமிருந்தது அந்த சீட் ஒன்றுதான், மாப்பிள்ளை. கோபம் தலைக்கேறி, ஜாக்கிக் கம்பியோடு ஓடி அவன் மண்டைக்கு நேரே ஓங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து உங்கள் குரல் கேட்கிறது. போன தடவை சாப்பிடும்போது சொன்னீர்களே, "மாமா, உங்க உயிருக்கு ஆபத்துன்னாதான் அது தற்காப்பு. காருக்காக ஒருத்தனை அடிச்சுக் கொன்னா அவன் வெறும் திருடன், நீங்க கொலைகாரன். கார் வீட்டுக்கு வந்துரும், நீங்க வரமாட்டீங்க" என்று. கம்பி அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. அவனோ பயத்தில் ஆக்சிலேட்டரை மிதி மிதியென்று மிதிக்கிறான், எஞ்சின் இருமுகிறது, எனக்கு வயிறு எரிகிறது. "டேய், மிதிக்காதடா! சோக்கை இழுத்துட்டு சாவியைத் திருப்பு!" என்று கத்திவிட்டேன். "சரிங்க சார்" என்றான். போயேவிட்டான்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். சொல்லிக்கொடுத்ததால் திருட்டுக்கு நானும் உடந்தையா? கம்பியை ஓங்கியதற்கே கேஸ் உண்டா? காருக்காக அடிக்கக்கூடாது, சரி, சீட்டுக்காக அடிக்கலாம் என்று உங்கள் சட்டத்தில் எங்காவது இருக்கிறதா? கொஞ்சம் காரமாகவே ஒரு புகார் எழுதி அனுப்புங்கள்.

எல்லாரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
நடந்தே கடைக்குப் போகும் மாமனார்

பி.கு.: இதைத் தபாலில் போடப் போனால், தெருமுனையில் கார் நிற்கிறது, ஆளைக் காணோம். வண்டி கிளம்பியதும் சோக்கைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் அணைந்துவிடும் என்று அவனுக்குச் சொல்ல மறந்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுக்கப் போனேன், அதற்குள் கால் தானாக நீண்டுவிட்டது. எங்கேயும் இடிக்கவில்லை. "கொஞ்சம் பின்னால தள்ளிக்கிட்டாத்தான் என்ன, ஏன் இப்படித் தவளை மாதிரி உட்கார்ந்து ஓட்டுறீங்க?" என்று உங்கள் அத்தை பக்கத்து சீட்டில் இருந்து எத்தனை தடவை கேட்டிருப்பாள்! தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். புகார் வேண்டாம், மாப்பிள்ளை. சீட் இப்படியே இருக்கட்டும்.